லாக்கைப் பிடித்திருந்தவள்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு டேட்டாபேஸ் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேளுங்கள், ஓரளவு சொல்வேன்.

சிரிக்க வேண்டாம் ஐயா. எழுதுகிற ஏட்டையாவையும் சிரிக்காமல் எழுதச் சொல்லுங்கள். பெயர் சடையப்பன். ஊர் குடிகாடு, கெமிக்கல் கம்பெனி மதில்சுவரை ஒட்டின தெரு. கேட்டால் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றுதான் வண்டியில் ஏறும்போதே சொன்னேன். ஆனால் நடுவிலிருந்து கேட்டால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். முதலிலிருந்து வருகிறேன்.

டேட்டாபேஸை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, காதில் விழுந்தது. என் மகள் சுவேதா அதைத்தான் படித்தாள். சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஒரு மாடியில் செந்தமிழ்செல்வன் என்று ஒரு சார் அதற்கு வகுப்பு நடத்துகிறார். ஆஸ்பத்திரி, மில், ஜவுளிக்கடை, எல்லா இடத்துக் கணக்கும் உள்ளே ஓடுகிற கிடங்குதான் டேட்டாபேஸ். அதைக் கட்டுகிறதுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்களாம். ஓடிக்கொண்டிருப்பது திணறும்போது எங்கே சிக்கல் என்று பார்த்து முடுக்கிவிடத்தான் ஆள் கிடைப்பதில்லையாம். அந்த வேலையைத்தான் இவள் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்விட்டு வருவாள். மற்ற நாளில் சாயந்திரம் லேப்டாப்பில் வகுப்பு.

காதில் மாட்டுகிற கருவி அவளிடம் இருந்தது. மாட்டமாட்டாள். பக்கத்துக் கட்டிலில் அவள் அம்மா கிடந்தாள். நெஞ்சில் சளி கட்டினால் தண்ணீரில் குடம் முங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் காதில் விழ வேண்டும் என்பாள். அதனால் சார் பேசுகிறது வீடு முழுக்கக் கேட்கும். நான் வாசல் ஓரம் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு ஆம்பிளைக் குரல் தினம் தினம் வீட்டுக்குள் வந்து பெண் பிள்ளையிடம் பேசுகிறது, பெற்றவன் காது கொடுக்காமல் இருப்பானா. தப்பான வார்த்தை ஒன்று வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாடம்தான் வந்தது.

ஒரு பெயரைத் தேடு என்று சொன்னால் அது மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு வருமாம். லட்சம் வரி இருந்தாலும் தடவும். அதற்கு இண்டெக்ஸ் என்று ஒன்று போட்டுவிட்டால் நேராகப் போய் நிற்கும். இன்னொன்று எக்ஸ்ப்ளெய்ன். வேலையை ஓட விடுவதற்கு முன்னாலேயே, நீ எந்த வழியாகப் போகப் போகிறாய், எவ்வளவு பாடுபடுவாய் என்று அதனிடமே கேட்கலாம். ஒளிக்காமல் சொல்லும். இது எனக்குப் பிடித்துப்போயிற்று. மனுஷனிடம் கேட்டால் சொல்வானா. நான் லோடு ஏற்றின கம்பெனியில் ஒரு நாள் எல்லோருக்கும் கண் எரிந்தது. கேட்டதற்கு, பக்கத்தில் எங்கேயோ வெங்காய லாரி கவிழ்ந்துவிட்டது என்றார்கள். அன்றையிலிருந்து எவன் என்ன சொன்னாலும் நான் நம்புவதில்லை.

இப்போது தைலம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் சம்சாரம். போன ஆடி மாதம் துணி உலர்த்திக்கொண்டே இருந்தவள் கொடிக்கயிற்றைப் பிடித்தபடி அப்படியே சாய்ந்தாள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போயிற்று, முழுங்குகிறதும் போயிற்று. கடலூரில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, மூக்கு வழியாக ஒரு குழாயை வயிற்றுக்கு இறக்கி அனுப்பினார்கள். டாக்டர் என்னைக் கட்டில் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போய்விடும் என்றார். புரிந்ததா பெரியவரே என்று இரண்டு தடவை கேட்டார். புரிந்தது என்றேன். இதை ஏட்டையா தெளிவாக எழுதிக்கொள்ளட்டும். எனக்குத் தெரியாது என்று பின்னால் யாராவது வக்கீல் சொன்னால் அது பொய்.

வீட்டு வேலை, அம்மா வேலை, படிப்பு, எல்லாம் சுவேதாதான். கஞ்சியை வடிகட்டிக் குழாயில் விடுவாள், உடம்பு புண்ணாகாமல் புரட்டிப் போடுவாள், துணி மாற்றுவாள். முடிந்து கை கழுவிவிட்டு வந்து லேப்டாப் முன் உட்காருவாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டேன். யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டுமில்லையா.

பகலுக்கு ஒரு ஆள் வைத்தோம். ஆரோக்கியம்மாள், மாதாகோயில் தெரு, முன்னால் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். கை சுத்தம் என்று தெருவே சொன்னது. தெரு சொன்னால் நான் நம்பிவிடுவேனா. கதவிடுக்கில் நின்று கவனித்தேன். ஒரு நாள் பால்பவுடர் டப்பாவை அவள் ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தாள். எதற்குத் தள்ளுகிறாய் என்று கேட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டில் கம்பியில் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யோவ் பெரியவரே, ஒம் பொண்டாட்டி மூக்குல போற கஞ்சியையா நான் திருடிக்கினு போயி ஆக்கித் திங்கப் போறேன்? நல்லா இருய்யா. கதவாண்டையே நில்லு, அதுதான் ஒனக்கு வர்ற வேல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை. நான் நினைத்தது சரியாகத்தான் இருந்திருக்கும். இல்லையென்றால் ஏன் அவ்வளவு கோபம் வர வேண்டும்.

மார்கழியில் சுவேதாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. சார்தான் சொல்லி அனுப்பியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்களின் டேட்டாபேஸ் காலை நேரத்தில் திணறுகிறதாம். அதை வைத்துத்தான் கேள்வி கேட்டார்களாம், இவள் சிக்கலை எடுத்துக் காட்டியிருக்கிறாள். பொங்கல் முடிந்ததும் வந்து சேர் என்றார்கள். எங்கள் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினவர்கள் கிடையாது. அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, குழாய்ல கஞ்சி வுடறது ஒண்ணும் கஷ்டமில்ல. நான் சொல்லித் தர்றேன். சனிக்கெழம சாயந்திரம் வந்துடுவேன். ஆரோக்கியம்மா பெரிம்மாகிட்ட ஒரு வார்த்த நீங்க பேசுனா பகலுக்கு அவுங்க வருவாங்க. காலையில, ராவுல மட்டும் நீங்க பாத்தா போதும்பா."

"நான் ஆம்பள, பாப்பா" என்றேன்.

"அது அம்மாவுக்குத் தெரியும்பா" என்றாள்.

நான் சாப்பிட்டு எழுந்தேன். தட்டை அவள் எடுத்தாள். மறுநாள் முதல் அவள் வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சென்னையிலிருந்து போன் வந்தால் வெளியே போய்ப் பேசிவிட்டு வருவாள். போகவும் இல்லை, வரமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அப்படியே நின்றாள்.

அந்த வாரம்தான் டெட்லாக் பாடம் வந்தது. நான் தேடிப் போகவில்லை ஐயா. தானாக வந்தது.

சார் ஒரு உதாரணம் சொன்னார். இரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள். ஒருத்தன் தட்டைப் பிடித்துக்கொண்டான், இன்னொருத்தன் கரண்டியைப் பிடித்துக்கொண்டான். நீ முதலில் விடு என்று இவன் சொல்கிறான், நீ முதலில் விடு என்று அவன் சொல்கிறான். இரண்டு பேரும் பட்டினி. டேட்டாபேஸுக்குள் ஒரு வேலை ஒன்றை இப்படிப் பிடித்துக்கொள்வதற்கு லாக் என்று பெயர். இரண்டு வேலைகள் இப்படி ஒன்றின் பிடியில் ஒன்று மாட்டிக்கொண்டால் அதுக்குப் பெயர் டெட்லாக். காலம் முழுக்கக் காத்திருந்தாலும் தீராது. அதனால் டேட்டாபேஸே குறுக்கே வந்து, இரண்டில் எது போனால் நஷ்டம் குறைவு என்று பார்த்து அதைக் கொன்றுவிடும். அப்படிப் போகிறதுக்கு விக்டிம் என்று பெயர். இன்னொன்று அந்த நிமிஷமே கிளம்பி ஓடிவிடும்.

வகுப்பில் கொளஞ்சி என்று ஒரு பையன், எதற்கெடுத்தாலும் வாய். "சார், செத்தவன் ஊட்டுக்கு நஷ்டஈடு எதுனா உண்டா சார்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சுவேதாவும் சிரித்தாள், ரொம்ப நாளைக்கு அப்புறம். சாரும் சிரித்துக்கொண்டே, அவனுக்கு ஒன்றும் ஆகாது, அவனை முதலிலிருந்து திரும்ப ஓட்டிக்கொள்ளலாம் என்றார். அந்தப் பகுதி எனக்குத் தேவைப்படவில்லை.

கொல்லுவது என்ற வார்த்தை அந்தத் தொழிலில் சாதாரணம். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அந்த வார்த்தையை எங்கேயிருந்தோ கொண்டுவந்ததாக நீங்கள் நினைக்கக் கூடாது. "சார், அந்த செஷனைக் கில் பண்ணிட்டேன்" என்று என் மகளே தினம் நாலு தடவை சொல்வாள், தேங்காய் துருவிட்டேன் என்கிற மாதிரி. செஷன் என்றால் உள்ளே ஓடுகிற ஒருத்தரின் தொடர்பு, அதை அறுத்துவிடுவதுதான் கில். முதலில் கேட்டபோது எனக்குத் திக்கென்றது. பழகிவிட்டது.

மறுநாள் பாடம் அதைவிட முக்கியம். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு கருவி இருக்கிறதாம். திரையில் வரிசையாக வரும். சார் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"எல்லாரும் ஓடற வேலை மேலதான் சந்தேகப்படுவீங்க. அது தப்பு. ஓடறவன் எப்படியும் முடிச்சிட்டு விட்டுடுவான். ஒருத்தன் லாக்கைப் பிடிச்சிக்கிட்டு, எந்த வேலையும் செய்யாம, சும்மா உக்காந்திருப்பான். பார்த்தா சாது மாதிரி இருப்பான். அவனுக்குப் பின்னாலதான் மொத்த வரிசையும் நிக்கும். முதல்ல அவனைக் கண்டுபிடிங்க. கில் பண்றதெல்லாம் கடைசி. அவனா விட்டா அதுவே போதும்."

நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு வேலையும் கிடையாது. சத்தம்கூடக் கிடையாது. ஆனால் ஒரு பெண்ணின் வயசு, படிப்பு, வேலை எல்லாம் அந்தக் கட்டில் காலில் கட்டிக் கிடந்தது. இத்தனை மாதம் ஒரே அறைக்குள் இருந்தும் எனக்குப் பிடிபடாதது அன்றைக்குப் பிடிபட்டது.

சுவேதாவைப் பார்த்தேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். வாயால் சொல்ல அவளுக்குக் கூசும். பெற்ற தாயாயிற்றே. அப்படியென்றால் செய்கிறது நான்தான்.

அவசரப்பட்டுச் செய்தேன் என்று எழுத வேண்டாம். ஓடவிடுவதற்கு முன் வழியைக் கேட்கிற மாதிரி நானும் எனக்குள் கேட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் மகள், இன்னும் வாழவேண்டியவள். இன்னொரு பக்கம் தைலம்மாள், எழுந்திருக்கப் போவதில்லை என்று டாக்டரே சொன்னவள். எது போனால் நஷ்டம் குறைவு என்று ஒரு குழந்தைகூடச் சொல்லும். இரண்டு பேர்தான் கணக்கில். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒரே விடைதான் வந்தது.

போகிக்கு முந்தின நாள் காலை சுவேதாவைக் கூப்பிட்டேன். "நீ செதம்பரம் போயி சார்கிட்ட சேர்றேன்னு சொல்லிட்டு வா. அம்மாவ நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் கையில் பிடித்திருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நெசமாவாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ஆமாம் என்றேன். என் பக்கத்தில் வந்து நின்று, குழாய் மூடியை எப்படித் திறப்பது, தலையணையை எவ்வளவு உயர்த்துவது, கஞ்சியை எவ்வளவு மெதுவாக விடுவது என்று காட்டினாள். நடுநடுவே என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் அம்மா காதருகே குனிந்து, "அம்மா, அப்பா ஒன்னப் பாத்துக்கறாங்களாம். நான் போவட்டா?" என்று கேட்டாள். தைலம்மாள் இடது கையைத் தூக்கி அவள் கன்னத்தில் வைத்தாள். போ என்கிற மாதிரி தலையும் அசைந்தது. சுவேதா பஸ்ஸுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவள் அப்படிப் போய் நான் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

நான் மெயின்ரோட்டு டீக்கடையில் பார்சல் டீயும் ஒரு பன்னும் வாங்கி வந்தேன். டீயில் நனைத்த பன் என்றால் தைலம்மாளுக்கு உயிர். படுத்த நாளிலிருந்து நான் டீ குடிக்கும்போதெல்லாம் என் டம்ளரையே பார்ப்பாள். தலையணையை உயர்த்தவில்லை. எடுத்துவிட்டேன்.

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பன்னைப் பார்த்ததும் அவள் கண் என் முகத்துக்கு வந்தது. கொடுக்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். டாக்டர் சொன்னபோது அவளும் அங்கேதான் கிடந்தாள். இருந்தாலும் வாயைத் திறந்தாள். நான் கொடுக்கிறேன் என்றதால் திறந்தாள் என்று நினைக்கிறேன். முதல் துண்டு போனது. இருமல் வந்தது. கொஞ்சம் நிறுத்தி அடுத்ததைக் கொடுத்தேன். அதற்கும் திறந்தாள். அதற்கு அடுத்ததற்குத் திறக்கவில்லை, நான்தான் திறந்தேன். டீயையும் ஊற்றினேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விழாத கை அது, நல்ல பலம். கடைசிவரை விடவில்லை. லாக்கைப் பிடித்திருப்பவர்கள் அப்படித்தான். எல்லாம் அடங்கினதும் விரல் விரலாக எடுத்துவிட்டேன்.

வாயைத் துடைத்துவிட்டு, வாசலுக்கு வந்து உட்கார்ந்தேன். வீட்டில் சத்தமே இல்லை.

சுவேதா சாயந்திரம் வந்தாள். தெருமுனையிலேயே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். சேர்கிறேன் என்று சாரிடம் சொல்லிவிட்டாளாம். அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் சார் எழுந்து கைகொடுத்தாராம். வருகிற வழியில் ஆரோக்கியம்மாளைப் பார்த்து அவள் காலில் விழாத குறையாகக் கேட்டு, தை பிறந்ததும் பகலுக்கு வரச் சம்மதமும் வாங்கிவிட்டாளாம். பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். ரப்பர் கையுறை. "பெரிய சைசுப்பா, ஒங்க கைக்கு. கூச்சமா இருந்தா மாட்டிக்குங்க" என்றாள். சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். நான் வாய் துடைத்த துணியில் டீக்கறை இருந்திருக்கிறது. அதைக் கையில் பிடித்திருந்தாள்.

"வாய் வழியா குடுத்தீங்களா?"

"ஆமா."

"மறந்துட்டீங்களாப்பா?" என்றாள். மறந்துவிட்டேன் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவள் நின்ற நிற்பு இருந்தது. நான் பொய் சொல்கிறவன் இல்லை. தெரிந்துதான் கொடுத்தேன் என்றேன். அவளுக்குப் புரிகிற பாஷையிலேயே எடுத்துச் சொன்னேன். டெட்லாக்கைச் சொன்னேன், விக்டிமைச் சொன்னேன், சும்மா கிடந்து லாக்கைப் பிடித்திருப்பவரைக் கண்டுபிடிக்கச் சொன்ன பாடத்தைச் சொன்னேன். மூன்றாம் வகுப்புப் படித்தவன் இவ்வளவு விளங்கிக்கொண்டானே என்று அவள் நினைப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் என் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில நீங்க பாத்துக்கறேன்னு சொன்னதுமே லாக்கு வுட்டுப்போச்சுப்பா. நான் கெளம்பிட்டேனே. அதுக்கப்புறம் ஏம்ப்பா?"

இதுதான் எனக்கு விளங்கவில்லை ஐயா. நானா பார்த்துக்கொள்ளப் போகிறேன். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவளை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டுமே, அதற்காகச் சொன்னது. துக்கத்தில் அவளுக்குப் பாடம் குழம்பிவிட்டது. சார் பக்குவமாக எடுத்துச் சொன்னால் தெளிந்துவிடுவாள். உங்களுக்குப் போன் போட்டதும் அவள்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. சட்டப்படி செய்தாள்.

என் சம்சாரம் தைலம்மாளை நான்தான் கொன்றேன். தெரிந்து செய்தேன். தூண்டினவர் யாருமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு நான் என் கையால் ஊட்டினது அந்த ஒரு தடவைதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் மகளுக்காகச் செய்தது. இனி அவளைக் கட்டிவைக்க யாருமில்லை. தாராளமாகச் சென்னைக்குப் போகட்டும், வேலையில் சேரட்டும்.

எங்கே காட்டுங்கள், கைநாட்டு வைக்கிறேன். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள் போலிருக்கிறது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இங்கே கொடுக்கிற சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கேஸ் முடிகிறவரைக்கும் இரண்டு வேளையும் அவளே சமைத்துக் கொண்டுவரட்டும்.